ஆட்ட விதி யார் கையில்?

தென்சென்னையின் பலகை ஆட்டங்கள்: வரலாற்றுத் தொடர் – 9

கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட பகடைக்காய்களிலும் சுடுமண் ஆட்டக்காய்களிலும் தொடங்கி, கோயில் மண்டபங்களின் கல்தரையில் கொத்தப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் வரை, தமிழகத்துப் பலகை ஆட்டங்களுக்குக் கிடைக்கும் தொல்பொருள் சான்றுகளை இத்தொடரின் முந்தைய பகுதிகள் எடுத்துரைத்தன. அச்சான்றுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. காய் மண்ணுக்குள் நிலைத்திருக்கிறது, கட்டம் கல்லின்மேல் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்தக் காயை அந்தக் கட்டத்தில் எப்படி நகர்த்த வேண்டும், அது எப்போது வெட்டுப்படும், ஆட்டம் எப்போது முடியும் என்பவற்றை ஆடியவர்களே சொல்லிக்கொடுத்தாலொழிய அடுத்த தலைமுறை அறிய வழியில்லை. ஆகவே பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலகையைக் காட்டிலும் ஆட்ட விதியையே பின்தொடர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த விதியை நினைவில் வைத்திருந்தவர் யார், ஐயம் எழுந்தபோது தீர்ப்புச் சொன்னவர் யார், மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய தென்சென்னையிலும் மத்தியச் சென்னையிலும் கடந்த நூறாண்டுக் காலத்தில் ஆட்ட விதி நான்கு கைகள் மாறியிருக்கிறது. முதலில் அது வீட்டுப் பெரியவர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், இருந்தது. பின்னர் சதுரங்க மன்றங்கள் வழியே உலகம் ஒப்புக்கொண்ட விதிநூலுக்குச் சென்றது. அதன்பின் கடையில் விற்கும் பெட்டிக்குள் மடித்து வைத்த அச்சுத்தாளுக்கு வந்தது. இறுதியாக, இளைஞர்கள் கூடி ஆடும் கதாபாத்திர ஆட்டங்களில், மேசைத்தலையில் அமரும் நடுவர் ஒருவரின் வாய்ச்சொல்லுக்குத் திரும்பியிருக்கிறது. இந்த நான்கு நிலைகளையும் வரிசையாக ஆராய்வதே இப்பகுதியின் நோக்கம்.

வீட்டு விதி

மயிலாப்பூரின் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும், 1920களில் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு உருவான தியாகராய நகரின் தனி வீடுகளிலும், பலகை ஆட்டத்துக்கென்று பலகை வேண்டியிருக்கவில்லை. கூடத்துத் தரையில் சாக்குக்கட்டியாலோ கோலமாவாலோ கட்டம் வரைந்துகொள்வார்கள். புளியங்கொட்டையும் சோழியும் உடைந்த வளையல் துண்டும் காய்களாகிவிடும். தாயக்கட்டம் எனப்படும் ஆட்டத்துக்கு மட்டும் பித்தளையில் செய்த நீள்சதுரக் கட்டைகள் இரண்டு தேவைப்பட்டன. ஒவ்வொரு கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமையாகவும், ஏனைய மூன்றும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் கொண்டனவாகவும் இருக்கும். இரு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தரையில் விட்டால், ஒன்றில் வெறுமையும் மற்றொன்றில் ஒற்றைப் புள்ளியும் விழுவது தாயம். இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழுந்த பிறகே காய் கட்டத்துக்குள் இறங்க முடியும் என்பதும், ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய எண்கள் விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதும், குறுக்குக் கோடிட்ட கட்டங்களில் நிற்கும் காயை வெட்டக்கூடாது என்பதும், சுற்றி முடித்து நடுக்கட்டம் சேர்ந்த காய் பழம் ஆகும் என்பதும் பரவலாக வழங்கும் விதிகள்.

ஆயினும் இந்தப் பொது விதிகளைச் சுற்றி ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு வேலி கட்டிக்கொண்டிருந்தது. எதிராளியின் காய் ஒன்றையேனும் வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம் என்று ஒரு வீட்டிலும், அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லை என்று அடுத்த வீட்டிலும் ஆடினார்கள். தொடர்ந்து மும்முறை ஒரே எண் விழுந்தால் அந்த எண்கள் செல்லாது என்பது சில வீடுகளின் வழக்கம். விவரம் அறியாத சிறு குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அதன் காயை எவரும் வெட்டாமல் விட்டுவிடுவது மற்றொரு வழக்கம். பல்லாங்குழியிலும் இதே நிலைதான். பக்கத்துக்கு ஏழாக இரு வரிசையில் அமைந்த பதினான்கு குழிகளில் விதைகளை நிரப்பி, ஒரு குழியில் உள்ளதை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுச் சென்று, கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடர்ந்து, வெறுங்குழி எதிர்ப்பட்டால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை அள்ளிக்கொள்வதும், நான்கு விதை சேர்ந்த குழியைப் பசு என்று அதற்குரியவர் எடுத்துக்கொள்வதும் எங்கும் ஒன்றுபோல் இருந்தாலும், தொடக்கத்தில் குழிக்கு எத்தனை விதை என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

இவ்வேறுபாடுகளை ஒழுங்கின்மை என்று கருதுவது பிழை. எழுத்தில் இல்லாத விதிக்கு ஒரு காப்பாளர் தேவை. அந்தப் பொறுப்பைப் பாட்டியோ அத்தையோ ஏற்றிருந்தார். அழுகுணி ஆட்டம் என்று குழந்தைகள் கூச்சலிடும்போது, இந்த வீட்டில் இப்படித்தான் என்று அவர் சொல்வதே இறுதித் தீர்ப்பாக இருந்தது. திருமணமாகி வந்த பெண் தன் பிறந்த வீட்டு விதியைப் புகுந்த வீட்டுக்கு உடன் கொண்டுவந்தாள். சில ஆண்டுகளில் இரு வீட்டு விதிகளும் கலந்து மூன்றாவதாக ஒரு விதி பிறந்தது. கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்து கூடும் பிள்ளைகள், முதல் ஆட்டத்துக்கு முன்பே உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒத்துப்போவதற்கான அந்தப் பேச்சே ஆட்டத்தின் முதல் நகர்வாக அமைந்தது.

இந்தக் குடும்ப ஆட்டங்களுள் வழிபாட்டோடு இணைந்தது பரமபத சோபான படம். சோபானம் என்பது படிக்கட்டைக் குறிக்கும் சொல்; கீழ்க்கட்டத்திலிருந்து ஏணிகளில் ஏறியும் பாம்புகளின் வாயில் விழுந்து இறங்கியும் உச்சியில் வரையப்பட்ட வைகுண்டத்தை அடைவதே இவ்வாட்டத்தின் இலக்கு. மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டும் என்னும் நியதியை ஒட்டி, கேசவப் பெருமாள் கோயிலும் மாதவப் பெருமாள் கோயிலும் அமைந்த மயிலாப்பூரிலும், பார்த்தசாரதி கோயில் அமைந்த திருவல்லிக்கேணியிலும் இப்படத்தை விரித்து விடிய விடிய ஆடும் வழக்கம் நிலைத்தது. பாம்புகளுக்கு அசுரர்களின் பெயரும் ஏணிகளுக்கு நற்செயல்களின் பயனும் ஏற்றப்பட்டிருந்ததால், ஆடுபவர் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு காரணத்தைக் கேட்டுக்கொண்டே ஆட நேர்ந்தது. இந்தியாவில் பல வடிவங்களில் வழங்கிய இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே சமயப் பொருள் நீங்கிய குழந்தை விளையாட்டாகி, பாம்பும் ஏணியும் என்னும் அச்சட்டையாக மறுபடியும் சென்னைக் கடைகளுக்கே வந்து சேர்ந்தது.

நூல் விதி

வீட்டு விதியின் ஆட்சிக்கு முதல் பெரும் மாற்றம் சதுரங்கத்தின் வழியே நேர்ந்தது. இந்தியாவில் தோன்றிய இவ்வாட்டத்தை இந்தியர்கள் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையிலும் தத்தம் வட்டார விதிகளின்படியே ஆடிவந்தனர். மேலை நாடுகளில் சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். இந்திய முறைகளில் அது ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தது. மேலை நாடுகளில் ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கும் நகர்வு உண்டு. இங்கோ முற்றுகைக்கு ஆளாகாத ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம் என்னும் விதி வழங்கியது. எட்டாம் வரிசையை அடைந்த சிப்பாய் எந்தக் காயாக மாறலாம் என்பதிலும் இரு முறைகளும் வேறுபட்டன. திண்ணையில் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்த ஒருவர் பன்னாட்டுப் போட்டியில் அமர்ந்தால், அவர் பழகிய தொடக்க நகர்வுகளே பயன்படாமல் போகும் நிலை இதனால் உண்டாயிற்று.

1951இல் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு நிறுவப்பட்டதும், 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் முதல் தேசியப் போட்டி நடந்ததும் இந்த இடைவெளியைக் குறைக்கத் தொடங்கின. ஆயினும் பன்னாட்டு விதியை இந்திய ஆட்டக்காரர்களிடையே வேரூன்றச் செய்த பெருமை சென்னையைச் சேர்ந்த மானுவல் ஆரோனுக்கே பெரிதும் உரியது. பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த அவர் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தைப் பெற்றார். 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். அவர் முன்னின்று 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப், 1960இல் உலகப் பட்டம் வென்ற லாட்வியரான மிகயில் டாலின் பெயரைத் தாங்கியது. சோவியத் நாட்டில் அரசே போற்றி வளர்த்த ஓர் ஆட்டம், பனிப்போர்க் காலத்து நட்புறவின் வழியாக, நூல்களோடும் போட்டிக் கடிகாரங்களோடும் சென்னை இளைஞர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அம்மையத்தின் வழிவந்த ரஷ்ய மாளிகை இன்று ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் இயங்குகிறது.

இந்த மன்றத்தின் ஒரு வழக்கத்தை நெருங்கிப் பார்ப்பது தகும். ஆளுக்குச் சில நிமிடங்களே வழங்கப்படும் பிளிட்ஸ் எனப்படும் மின்னல்வேக ஆட்டத்தில், வென்றவர் பலகையிலேயே அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் சென்று மறுபடி தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தாய் சுசீலாவிடம் ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்று இம்மன்றத்துக்கு வந்த விசுவநாதன் ஆனந்த், எழுந்து வரிசையில் நிற்க மனமில்லாததாலேயே விரைந்து ஆடிப் பழகியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். உலகை வியக்கவைத்த அவருடைய வேகம், நண்பர் கூட்டம் ஒன்று இடநெருக்கடிக்காக வகுத்துக்கொண்ட ஓர் ஏற்பாட்டின் விளைவு. காய்களின் நகர்வு பன்னாட்டு விதிநூலுக்கு உட்பட்டிருந்தபோதிலும், யார் அமர்வது, யார் எழுவது என்பதை அந்த அறையே தீர்மானித்தது. நூல் விதி முழு ஆட்சி பெற்ற இடத்திலும் கூடியவர்களின் விதி ஒன்று உயிரோடு இருந்தது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2013 நவம்பரில் அண்ணா சாலையில் உள்ள ஹயாத் ரீஜென்சி விடுதியில் அவருக்கும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கும் இடையே நடந்த உலகப் பட்டப் போட்டியில் 6½–3½ என்னும் கணக்கில் கார்ல்சன் வென்றார். 2022இல் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சென்னையின் தொ. குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டத்தை வென்றார். இவ்வெற்றிகள் வேறு நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இத்தொடருக்கு வேண்டிய செய்தி ஒன்றே: உலகத்தோடு ஆட வேண்டுமானால் உலகம் ஏற்ற விதியை ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனையைச் சென்னை ஒரே தலைமுறையில் ஏற்றுக்கொண்டது, அதற்கு ஈடாக, ராஜா குதிரையைப் போலத் தாவும் பழைய ஆட்டம் நினைவிலிருந்தே ஏறத்தாழ அகன்றுவிட்டது.

பெட்டி விதி

மூன்றாம் நிலை கடைகளின் வழியே வந்தது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயர் உற்பத்தியில் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். நிறுவனம், அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் இணைந்து 1987இல் ஃபன்ஸ்கூல் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் வெளிநாட்டு ஆட்டங்களை உரிமம் பெற்று இந்தியாவில் உற்பத்தி செய்ததால், அதுவரை வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்தால் மட்டுமே காணக்கிடைத்த பெட்டிகள் தியாகராய நகரின் கடைவீதிகளிலேயே நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைக்கலாயின.

அவற்றுள் ஸ்காட்லாண்டு யார்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1983இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த ஆட்டத்துக்கான விருதைப் பெற்ற இதில், ஒருவர் மிஸ்டர் எக்ஸ் என்னும் தலைமறைவுக் குற்றவாளியாகவும் மற்றவர்கள் அனைவரும் துப்பறிவாளர்களாகவும் இருந்து, லண்டன் நகரின் வரைபடத்தில் டாக்சி, பேருந்து, சுரங்க ரயில் ஆகியவற்றுக்கான சீட்டுகளைச் செலவிட்டு நகர்கிறார்கள். குற்றவாளி எந்த வாகனத்தில் சென்றார் என்பது மட்டும் தெரியும். எங்கே நிற்கிறார் என்பது குறித்த சில நகர்வுகளில் மட்டுமே வெளிப்படும். தாயக்கட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் காய்க்காக ஆடுகிறார்கள். சதுரங்கத்தில் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். இங்கோ நால்வரும் ஐவரும் தலைகூடிக் கலந்தாலோசித்து ஒருவரைச் சூழ வேண்டியிருக்கிறது. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் சேர்ந்து அடைக்கும் ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் அனைத்தையும் ஒருவரே நகர்த்துகிறார். அந்த ஆடுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன நிகழுமோ அதுவே இந்த லண்டன் வரைபடத்தில் நிகழ்கிறது.

பெட்டியோடு வந்த மற்றொரு பொருள் அச்சிட்ட விதித்தாள். ஐயம் வந்தால் பாட்டியைக் கேட்ட குழந்தைகள் இப்போது தாளைப் புரட்டினார்கள். ஆங்கிலம் நன்கு படிக்கத் தெரிந்த அண்ணனோ அக்காவோ திடீரென்று வீட்டின் நடுவரானார். முதன்முறையாக, வீட்டின் மூத்தவர் கூட்டத்தில் மிகக் குறைவாக அறிந்தவரானார். பெட்டி ஆட்டங்கள் வரும்போது பெரியவர்கள் மெல்ல ஒதுங்கியதற்கு அவர்களுடைய ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது முறையன்று. விதியின் உரிமை அவர்கள் கையைவிட்டுச் சென்றதே காரணம்.

ஆனால் அச்சுத்தாளும் முற்றாக வென்றுவிடவில்லை. இந்திய நகரங்களின் பெயர்களோடு பிசினஸ் என்று இங்கே விற்கப்பட்ட ஆட்டங்களின் மூலமான மோனோபொலியின் கதை இதை நன்கு விளக்கும். எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி, நிலவுடைமை ஒரு சிலரிடம் குவிவதன் தீங்கை உணர்த்துவதற்காக உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம், முப்பது ஆண்டுக் காலம் மக்கள் தாங்களே துணியிலும் அட்டையிலும் வரைந்து, தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரிட்டு, தங்களுக்கு ஏற்ற விதிகளோடு ஆடிய வீட்டு ஆட்டமாகவே பரவியது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதன் ஒரு வடிவத்தைப் பெட்டியில் அடைத்தது. பெட்டியில் அடைத்த பிறகும் மக்கள் விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தனர். வரியாகவும் தண்டமாகவும் கட்டும் பணத்தை நடுப்பலகையில் குவித்து, இலவச நிறுத்தக் கட்டத்தில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். மூல விதித்தாளில் அது இல்லை. இவ்வகை வீட்டு விதிகளின் செல்வாக்கை உணர்ந்த ஹாஸ்ப்ரோ நிறுவனமே 2014இல் மக்களிடம் வாக்குக் கேட்டு, அவற்றுள் சிலவற்றைச் சேர்த்து ஒரு பதிப்பை வெளியிட்டது. பெட்டி கடைசியில் கூடத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மீட்பும் தேர்வும்

தனி வீடுகள் அடுக்ககங்களாகி, கூடத்துத் தரையில் கட்டம் வரையும் வழக்கம் அருகிய நிலையில், 2002இல் வினிதா சித்தார்த்தா சென்னையில் நிறுவிய க்ரீடா அமைப்பு பல்லாங்குழி, தாயக்கட்டம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றைப் புதிய வடிவில் தயாரித்து, ஆடும் முறைகளோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் சனவரியில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவில், கோலப் போட்டியோடு தாயக்கட்டம், பல்லாங்குழி போன்ற ஆட்டங்களுக்கும் இடம் தரப்பட்டது. எழுபதைக் கடந்த பெண்களும் பள்ளிச் சிறார்களும் ஒரே கட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்வதற்கு இத்தகைய ஏற்பாடுகள் வழிவகுத்தன. பெட்டி ஆட்டங்கள் ஒதுக்கிவைத்த மூத்தவர்கள் இங்கே மீண்டும் விவரம் அறிந்தவர்களாயினர்.

இந்த மீட்புப் பணி போற்றத்தக்கது. அதே வேளையில் அது தவிர்க்க முடியாத ஒரு தேர்வையும் உட்கொண்டது. குழிக்கு ஐந்து விதையா, ஆறு விதையா என்று பத்து வீடுகள் பத்து விதமாகச் சொல்லும்போது, விதித்தாளில் அச்சேறுவது அவற்றுள் ஒன்றோ இரண்டோதான். போட்டி நடத்துவோருக்கும் அனைவரும் ஏற்கும் ஒரே விதி தேவைப்படுகிறது. பன்னாட்டுச் சதுரங்கத்துக்கு முன் வட்டாரச் சதுரங்கம் மறைந்ததைப் போல, அச்சேறிய பல்லாங்குழிக்கு முன் அச்சேறாத பல்லாங்குழிகள் மறையக்கூடும். விற்பனைப் பொருளாகவும் போட்டியாகவும் ஆட்டத்தைக் காப்பவர்களிடம் எல்லா வடிவங்களையும் காக்குமாறு கேட்பது நியாயமாகாது. அந்தக் கடமை குடும்பங்களுக்கு உரியது.

நடுவர் விதி

நான்காம் நிலை, மேசைக் கதாபாத்திர ஆட்டங்களோடு வந்தது. இவற்றின் தோற்றம் போர்ப்பயிற்சியில் உள்ளது. 1824இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர் ஆட்டத்தில், அதிகாரிகள் வரைபடத்தின்மீது படைகளை நகர்த்த, அனுபவம் மிக்க நடுவர் ஒருவர் பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு விளைவுகளை அறிவித்தார். அட்டவணைகள் பெருகி ஆட்டம் மந்தமானபோது, அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நடுவரின் மதிப்பீட்டையே ஏற்கும் முறையை 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் படைத்தலைவர் முன்வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1974இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆயிரம் படிகள் மட்டும் அச்சிடப்பட்டு வெளிவந்தது. படைகளுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு மாந்தரை ஏற்று ஆடுவது அதன் புதுமை.

ஆடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நால்வர் மேசையைச் சூழ அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் கேம் மாஸ்டர் எனப்படும் நடுவர். மற்ற மூவரும் தத்தம் கதாபாத்திரத்தின் வலிமை, சுறுசுறுப்பு, அறிவு முதலிய ஆறு இயல்புகளை எண்களாகத் தாளில் குறித்து வைத்திருக்கின்றனர். செஞ்சிக் கோட்டையை ஒத்த ஒரு பாழ்ங்கோட்டையின் மதிலடியில் அவர்கள் நள்ளிரவில் நிற்பதாக நடுவர் வருணிக்கிறார். ஒருவர் மதிலில் ஏறப்போவதாகச் சொல்கிறார். மழையில் நனைந்த கல் என்பதால் அதற்கு 15 வேண்டும் என்று நடுவர் மனத்துள் முடிவு செய்கிறார். இருபது முகப் பகடையில் 11 விழுகிறது. கதாபாத்திரத்தின் வலிமைக்கு உரிய 3 சேர்ந்து 14 ஆகிறது. ஓர் எண் குறைந்ததற்காக அவர் கீழே விழுந்து இறந்தார் என்று நடுவர் சொல்லலாம். பாதி உயரத்தில் ஒரு பிளவைப் பற்றித் தொங்குகிறார், கீழே காவலனின் விளக்கொளி நெருங்குகிறது என்றும் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் நடுவரின் மேசைக்கே நண்பர்கள் வாரந்தோறும் வருவார்கள். ஆட்டத்துக்கு முடிவான வெற்றி தோல்வி இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட, தொடரும்.

1995இல் கிளாவுஸ் டாய்பர் வடிவமைத்த காட்டான் முதலிய ஜெர்மானியப் பலகை ஆட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து இவ்வகைக் கதாபாத்திர ஆட்டங்களும் இந்திய நகரங்களில் பரவின. 2016இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்னும் இணையத் தொடர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பெயரையே கேட்டிராத பலருக்கு அதை அறிமுகப்படுத்தியது. சென்னையிலும் வார இறுதி மாலைகளில் வீட்டு உணவுமேசைகளிலும் காபிக் கடைகளிலும் சிறு நண்பர் குழுக்கள் கூடி ஆடுகின்றன. விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆட்டம் முழுக்க முழுக்கப் பேச்சாலேயே நடப்பதால், கூடியவர்களின் மொழி எதுவோ அதுவே ஆட்டத்தின் மொழியாகிவிட இடமுண்டு. தமிழ்க் கதைமரபுக்கு இவ்வாட்டத்தில் திறந்திருக்கும் வாயில் இதுவே.

இந்த ஆட்டத்திலும் விதியின் உடைமை பற்றிய வழக்கு எழாமல் இல்லை. 2000ஆம் ஆண்டு முதல் பிறர் எடுத்தாளுவதற்குத் திறந்து வைத்திருந்த உரிமத்தை இறுக்குவதற்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 சனவரியில் முயன்றது. உலகெங்கும் ஆடுவோர் கடுமையாக எதிர்த்ததன் விளைவாக, நிறுவனம் பின்வாங்கியதோடு, அடிப்படை விதித்தொகுப்பை எவரும் எடுத்தாளலாம் என்னும் பொதுவுரிமத்தின்கீழ் அதே மாதத்தில் வெளியிட்டது. தமிழில் அதை மொழிபெயர்ப்பதற்கோ, தமிழகத்து ஊர்களையும் மாந்தர்களையும் வைத்துப் புதிய கதைக்களம் எழுதுவதற்கோ மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். வேறு இசைவு வேண்டியதில்லை.

நான்கு நிலைகளையும் சேர்த்து நோக்கும்போது, வீட்டு விதியைக் காத்த பாட்டியும் கதாபாத்திர ஆட்டத்தின் நடுவரும் ஒரே பணியைச் செய்தவர்கள் என்பது புலனாகிறது. இருவரும் ஆட்டத்தின் பொது விதியை அறிந்தவர்கள். அதை எங்கே தளர்த்தினால் கூட்டம் கலையாது என்பதையும் அறிந்தவர்கள். சிறு குழந்தையின் காயை வெட்டாமல் விட்டதும், ஓர் எண் குறைந்தவரை மதிலில் தொங்கவிட்டுக் காத்ததும் ஒரே அறிவின் இரு செயல்கள். ஆட்டத்தை ஆட்டமாக நடத்துவதற்கு அச்சிட்ட விதி துணைசெய்யும். ஆடுபவர்கள் மறுநாளும் வந்து கூடுவதற்கு இந்த அறிவே வேண்டும். அடையாற்றின் ஓர் அடுக்ககத்தில் இருபது முகப் பகடையை உருட்டும் இளைஞர்கள் வெளிநாட்டுப் பழக்கம் ஒன்றைக் கடன்வாங்கியவர்கள் என்று கருதப்படுவது பொருந்தாது. இவ்வூரின் மிகப் பழைய ஆட்ட முறைக்கு, அறிந்தோ அறியாமலோ, அவர்களே நெருங்கிய வாரிசுகள்.

ஆயினும் ஒரு வேறுபாடு கவலைக்குரியது. கதாபாத்திர ஆட்டத்தின் விதிகள் எழுத்தில் உள்ளன. நடுவர் மறைந்தாலும் நூல் நிற்கும். தாயக்கட்டத்தின் வீட்டு விதிகளை அறிந்த தலைமுறை எண்பதை நெருங்குகிறது. ஆகவே மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ, வேறு எவ்வூரிலோ, இத்தொடரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் எப்படி ஆடப்பட்டன என்பதை, எந்த ஊர் வழக்கம், யாரிடம் கற்றது என்னும் குறிப்போடு, ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு முன் மூத்தவர்களோடு அமர்ந்து ஒருமுறையேனும் ஆடுவது நல்லது. கேட்டால் நினைவுக்கு வராத விதிகள் பலவும், காய் வெட்டுப்படும் நேரத்தில் தாமே நினைவுக்கு வரும்.

(தொடரும்)